சம்பளம் வாங்குபவரும் வாங்காதவரும் ஒரே கூரையின் கீழ்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

உங்கள் ஊரில் நான்கைந்து மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு நீங்கள் செயலாளராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் ஏழு பேர். வாரம் ஒருநாள், இருநாள் வந்துபோகும் தொண்டர்கள் முப்பது பேர். ஆட்களை நிர்வகிப்பது என்றால் வருகைப் பதிவேடும் விடுப்பு விண்ணப்பமும்தான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் களப்பணியாளர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறீர்கள், கேட்டால் இது சேவை என்கிறீர்கள்" என்பார். அதே வாரம் தொண்டர் ஒருவர், "நான் என்ன உங்களிடம் வேலைக்கா சேர்ந்திருக்கிறேன்?" என்பார். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான்.

இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். நான் தடுமாறிய இடங்களைத் திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ஒரே வகை. ஊழியரிடம் தொண்டு கேட்டிருப்பேன். அல்லது தொண்டரிடம் ஊழியரைப் போல வேலை வாங்கியிருப்பேன். ஒருவர் தன் குடும்பத்தின் பிழைப்பை நம்மை நம்பி வைத்திருக்கிறார். இன்னொருவர் தன் ஓய்வு நேரத்தை நம்மிடம் கொடுத்திருக்கிறார். இந்த இரண்டு உடன்பாடுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கான வழிகளையே கீழே சொல்கிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டுச் சிறிய நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. சட்டங்கள் இந்தியாவுக்கு உரியவை.

முதல் படி: வேலைகளை எழுதுங்கள், பிறகு ஆட்களைத் தேடுங்கள்

பெரும்பாலான நிறுவனங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நல்ல மனிதர் ஒருவர் வருகிறார். அவரை எங்கே பயன்படுத்தலாம் என்று பிறகு யோசிக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு முழுத் தாளை எடுத்து, நிறுவனத்தில் ஒரு வாரம் நடக்கும் எல்லா வேலைகளையும் எழுதுங்கள். மையத்தின் கதவைத் திறப்பது, குடிநீர் பிடித்து வைப்பது, இரண்டு நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, வவுச்சர் எழுதுவது, கொடையாளருக்குக் காலாண்டு அறிக்கை அனுப்புவது என்று எதையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதைச் செய்பவர் நாளைக்கு வராவிட்டால் யாருக்குப் பாதிப்பு? பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள், பணத்துக்குக் கணக்கு இருக்காது, ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் பொறுப்பேற்க ஆள் இருக்காது என்று விடை வந்தால் அது சம்பள வேலை. சாவி, பணம், குழந்தைகளின் பாதுகாப்பு, இந்த மூன்றையும் எப்போதும் சம்பளம் வாங்குபவர் பொறுப்பில் வையுங்கள். தொண்டர் மேல் நம்பிக்கைக் குறைவால் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு வராமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை மதிப்பதென்றால், அவர் வராத நாளிலும் கதவு திறக்க வேண்டும்.

மீதமுள்ள பட்டியலில் தொண்டர்கள் செய்தால்தான் சிறக்கும் வேலைகள் நிறைய இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஒரே ஒரு பிள்ளையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சம்பள ஊழியருக்கு நேரம் கிடைக்காது. சிலம்பம், ஓவியம், ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசிப் பழகுவது, பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மேற்படிப்பு ஆலோசனை, ஆண்டுக்கொருமுறை கணக்குகளைச் சரிபார்த்துத் தரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: இங்கெல்லாம் தொண்டர்கள் கொண்டுவருவதை எந்தச் சம்பளத்தாலும் வாங்க முடியாது.

நிதி நின்றுபோன ஓர் ஆண்டில், ஒரு மையத்தை மூன்று கல்லூரி மாணவர்களை வைத்து ஓட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். நவம்பரில் மூவருக்கும் செமஸ்டர் தேர்வு வந்தது. பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வரவில்லை. அந்த மாணவர்கள் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. மையத்தை நேர்மையாக மூடிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து மையத்தில் சேர்த்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்க முடியாத இடத்தைத் தொண்டரைக் கொண்டு அடைக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஊழியருக்குச் சேர வேண்டியதைச் சரிசெய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் தொண்டர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். முதலில் கவலைப்பட வேண்டியது சம்பளம் வாங்குபவர்களைப் பற்றி. அவர்கள் மனக்குறையோடு இருக்கும் இடத்தில் எந்தத் தொண்டரும் நிலைக்க மாட்டார்.

சேர்ந்த அன்றே நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும். பதவி, ஊதியம், வேலை நேரம், வார விடுமுறை, தகுதிகாண் காலம், எந்தத் திட்டத்தின் நிதியிலிருந்து சம்பளம் வருகிறது, அந்தத் திட்டம் எப்போது முடிகிறது, விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் தமிழில் இருக்கட்டும். படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஆங்கிலக் கடிதத்தில் களப்பணியாளரிடம் கையெழுத்து வாங்குவது அவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

அடுத்தது சம்பளத் தேதி. சம்பளம் குறைவாக இருப்பதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதை யாராலும் பொறுக்க முடியாது. மகளிர் குழுக் கடன் தவணைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் தேதி உண்டு. கொடையாளரின் தவணை தாமதமாவது நம் பிரச்சினை, அவர்களுடையது அன்று. ஒரு மாத மொத்தச் சம்பளத்தைத் தனியாகச் சேர்த்து வைப்பதை முதலாண்டு இலக்காக வையுங்கள். முடிந்தால் மூன்று மாதத்துக்கு உயர்த்துங்கள். அப்படியும் தாமதமாகும் என்றால் 25ஆம் தேதியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒன்றாம் தேதி மாலை வரை மௌனமாக இருக்காதீர்கள்.

சேவை நிறுவனத்துக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு: நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, ஊழியரின் பங்கு 0.75 விழுக்காடு. இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி. பொதுவாக இரு தரப்பும் 12 விழுக்காடு கட்ட வேண்டும். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஊழியரிடம் பிடித்த தொகையைக் கட்டாமல் மையத்தின் வாடகைக்குப் புரட்டுவது குற்றம். எவ்வளவு நல்ல நோக்கமும் அதற்குச் சமாதானம் ஆகாது. ஆட்களின் எண்ணிக்கை எட்டைத் தொடும்போதே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

பணிக்கொடையைத்தான் சிறிய நிறுவனங்கள் அடியோடு மறந்துவிடுகின்றன. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தவர் விலகும்போது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் தர வேண்டும். ஒரு மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடுவார்கள். கணக்கில் சேரும் ஊதியம் 13,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 500, ஆண்டுக்கு 7,500. ஆறு ஆண்டு இருந்தவருக்கு 45,000 ரூபாய். அவர் வேலை செய்த திட்டத்தின் நிதி அதற்குள் முடிந்துபோயிருக்கும். அன்றைக்குக் கையைப் பிசையாமல் இருக்க, அவர் பெயரில் மாதம் 625 ரூபாய் ஒதுக்கி வந்தால் போதும். அதைத் திட்ட வரவு செலவிலேயே ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், ஓராண்டு முடித்தாலே அந்தக் காலத்துக்குரிய பணிக்கொடை பெறலாம். நம் ஊழியர்களில் பெரும்பாலோர் திட்டம் முடியும்வரைதான் என்று ஒப்பந்தம் போட்டவர்கள். எனவே இது நேராக நம்மைத் தொடுகிறது.

களப்பணியில் பெண்களே மிகுதி. பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். மாற்று ஆளுக்கான செலவை முன்கூட்டியே யோசிக்காத நிறுவனம், புதிதாகத் திருமணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க ஆரம்பிக்கும். அப்படித் தயங்கும் நிறுவனம் எந்த முகத்தோடு ஊரில் மகளிர் முன்னேற்றம் பேசப் போகிறது?

வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 50 வரை அனுமதி இருந்தது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றுபவரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. ஆகவே ஒவ்வொருவரின் பணி விவரமும் அவர் உண்மையில் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். எல்லோரையும் "திட்ட உதவியாளர்" என்று எழுதிவைத்துவிட்டுத் தணிக்கையின்போது விழிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவோம். முகாம், விழா, கொடையாளர் வருகை எல்லாம் விடுமுறையில்தான் வரும். வரச் சொல்லலாம், அடுத்த வாரத்துக்குள் மாற்று விடுப்பு கொடுங்கள், அந்த நாளை அப்போதே பதிவேட்டில் எழுதுங்கள். பணமாகவோ விடுப்பாகவோ கொடுக்க முடியாத நாளில் ஊழியரைக் கூப்பிடாதீர்கள். "ஒரு நாள் சேவையாக நினைத்து வாருங்கள்" என்று மேலதிகாரி கேட்டால், முடியாது என்று சொல்லும் நிலையில் கீழே இருப்பவர் இருப்பதில்லை. அப்படி வாங்கியதைத் தொண்டு என்று சொல்ல முடியாது. இதே காரணத்தால், ஊழியர் தான் சம்பளத்துக்குச் செய்யும் வேலையையே வேலை நேரத்துக்குப் பிறகு தொண்டாகச் செய்ய முன்வந்தாலும் ஏற்காதீர்கள்.

மூன்றாம் படி: தொண்டரைச் சேர்ப்பது

ஆர்வம் பொங்க வருபவரைக் கண்டால் மனம் மகிழும். ஆனால் நீடிப்பவர், தன் நேரத்தைத் தெளிவாகச் சொல்பவர். வாரம் ஐந்து நாளும் வருகிறேன் என்பவரிடம், ஒருநாள் போதும் என்று சொல்லுங்கள். அந்த ஒருநாள் மூன்று மாதம் தவறாமல் நடந்தால் இரண்டாம் நாளைப் பற்றிப் பேசலாம். ஐந்து நாளில் தொடங்கியவர் மூன்று வாரத்தில் சோர்ந்து, சொல்லவும் கூச்சப்பட்டு, தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுவார்.

முதல் பேச்சில் மூன்றைக் கேளுங்கள். ஏன் வந்தீர்கள், எந்த நாள் எந்த நேரம் உங்களுக்கு உண்மையிலேயே ஓய்வு, எந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தவறான வேலையில் மாட்டி ஓடிப்போகாமல் பலரைக் காப்பாற்றும் கேள்வி அது. அடையாளச் சான்றின் நகலும், அவரை அறிந்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். அந்த இரண்டு பேரையும் கட்டாயம் கூப்பிட்டுப் பேசுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதற்கு விதிவிலக்கே கிடையாது; அறங்காவலரின் நண்பரானாலும், ஊரில் பெரிய மனிதரானாலும் ஒன்றுதான்.

முதல் இரண்டு வருகையும் பார்ப்பதற்கு மட்டும். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு ஒரு பக்க உடன்பாடு: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை மாதம், யாரிடம் கேட்டுச் செய்ய வேண்டும், வர முடியாவிட்டால் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும், எதையெல்லாம் செய்யக் கூடாது. பிள்ளைகளைத் தனியாக வெளியே அழைத்துப் போவது, படம் எடுத்து இணையத்தில் போடுவது, சொந்தப் பணத்தில் பரிசு கொடுப்பது, மூன்றும் கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைத்த புதுப் பை, மற்ற இருபது பேரை எப்படி ஏங்க வைக்கிறது என்பதை மையத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாட்காட்டியைக் கையில் வைத்துத் திட்டமிடுங்கள். நம் தொண்டர்களில் பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வருகின்றன. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில். பிள்ளைகளுக்கு ஆள் அதிகம் தேவைப்படும் வாரங்களும் மாணவர்கள் வர முடியாத வாரங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வாரங்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் இல்லத்தரசிகளையும் ஜூன் மாதமே கேட்டு வையுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தால் அவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கு இருக்கிறது. மணி நேரத்தைச் சரியாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது நம் கடமை. வராத நாளுக்கு வந்ததாக எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கல்லூரியின் திட்ட அலுவலரிடம் தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தால் இந்தச் சங்கடம் வராது.

நான்காம் படி: கொடுப்பதும் வாங்குவதும்

தொண்டருக்குச் சம்பளம் இல்லை என்பதற்காக அவர் கைக்காசு செலவாகலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. பஸ் கட்டணத்தைக் கேட்காமலே கொடுங்கள். வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் இருந்தால்தான், பஸ்ஸுக்குக் காசு இல்லாத மாணவர் தலைகுனியாமல் வாங்கிக்கொள்வார். வசதியுள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்ய முடிகிற நிறுவனம் விரைவில் ஊரிலிருந்து அந்நியப்பட்டுவிடும். தொண்டர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்பதால், களத்துக்குப் போகிறவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள்.

மதிப்பூதியம் என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். குறைந்த நேரத்துக்கு ஓர் அடையாளத் தொகை என்பது எல்லோருக்கும் தெளிவாக இருந்தது. நாடு முழுவதும் சுகாதாரத் துறைக்காக வேலை செய்யும் ஆஷா பணியாளர்களின் கதை வேறு. அரசின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள், கிடைப்பது ஊக்கத்தொகை. அவர்கள் செய்வதோ வீடு வீடாக ஏறி இறங்கும் பொறுப்பான வேலை. தங்களை ஊழியராக அறிவிக்கக் கேட்டு அவர்கள் தொடர்ந்து போராடி வருவதில் வியப்பில்லை. உங்கள் நிறுவனத்தில் ஒருவர் தினமும் குறித்த நேரத்துக்கு வருகிறார், நீங்கள் சொன்னதைச் செய்கிறார், வராவிட்டால் கேள்வி கேட்கிறீர்கள், மாதம் 4,000 ரூபாய் கொடுத்து வவுச்சரில் மதிப்பூதியம் என்று எழுதுகிறீர்கள் என்றால், அவர் ஊழியர். அவருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மற்ற உரிமைகளும் உண்டு. பெயரை மாற்றி எழுதுவதால் உண்மை மாறாது.

மற்றவை சுருக்கமாக. ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள். அறங்காவலரின் உறவினர் சம்பளத்தில் இருந்தால் அந்த வேலைக்குரிய நியாயமான தொகையே கொடுக்க வேண்டும். மிகையாகக் கொடுத்தால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து வரலாம்.

ஐந்தாம் படி: இரண்டு தரப்பும் சந்திக்கும் இடம்

எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் போதிய அளவு பேசப்படாத பகுதி இது. நிறுவனங்கள் உள்ளுக்குள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு மையத்தில் பத்தாண்டாகக் களப்பணி செய்யும் பெண் இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். அங்கே சனிக்கிழமைகளில் வர ஒரு மென்பொருள் பொறியாளர் சேர்ந்தார். நல்ல உள்ளம், நல்ல உழைப்பு. இரண்டாம் வாரமே பிள்ளைகளை உயர வரிசைப்படி மாற்றி உட்கார வைத்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கடைசிக்குப் போனான். அவனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. அதனால்தான் அந்தப் பெண் அவனை முன்னால், வலதுகாது தன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருந்தார். பொறியாளர் அவரிடம் கேட்கவில்லை. ஆங்கிலம் பேசுகிற, பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஒருவரிடம் போய்ச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. மூன்று சனிக்கிழமை அந்தப் பெண் விடுப்பு கேட்டபோதுதான் நான் போய் விசாரித்தேன். அதற்குள் பையன் படிப்பில் கவனம் விட்டிருந்தான். இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் இதை நடக்கவிட்டது நான். யார் சொல் முதலில் என்று ஒருநாளும் நான் தெளிவாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வைத்த விதி இது: மையத்துக்குள் களப்பணியாளர் சொல்லே முடிவு. தொண்டர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், பெரிய நிறுவன அதிகாரியாக இருக்கலாம். மாற்றம் தோன்றினால் களப்பணியாளரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் பேசலாம். இதைத் தொண்டர் சேரும் அன்று, களப்பணியாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருவர் முன்னாலும் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் பலன் பாதிதான். தொண்டர்கள் எல்லோரும் களப்பணியாளரை அக்கா என்றோ அண்ணன் என்றோ அழைக்க வேண்டும். வயதில் மூத்த தொண்டர் என்றால் அம்மா, தம்பி என்று அவரவர் முறைப்படி அழைக்கட்டும். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்த பிள்ளைகள், மறுநாள் அவர் சொல்வதை அரை மனத்தோடுதான் கேட்பார்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். சில ஊழியர்கள் தொண்டரைத் தங்கள் வேலைக்கு வந்த ஆபத்தாகப் பார்க்கிறார்கள். சிலர் ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பும் இலவசக் கையாகப் பார்க்கிறார்கள். முதல் வகையினரிடம், அவர் வேலை தொண்டருக்குப் போகாது என்பதை முதல் படியில் எழுதிய பட்டியலைக் காட்டி உறுதி சொல்லுங்கள். இரண்டாம் வகையினரிடம், தொண்டருக்கு என்ன வேலை என்பதை வாரத் தொடக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பாராட்டு விஷயத்தில் நாங்கள் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். ஓர் ஆண்டு அன்றைக்கு விழா எடுத்தோம். தொண்டர்களுக்குச் சால்வை, சான்றிதழ், சாப்பாடு. பாய் விரித்ததும் இலை போட்டதும் பரிமாறியதும் களப்பணியாளர்கள். விழா முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "சம்பளம் வாங்குகிறோம் என்பதால் எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா சார்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அடுத்த ஆண்டு முதல் விழாவில் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். நிர்வாகக் குழுவினர் பரிமாறினார்கள். ஆண்டறிக்கையிலும் அப்படித்தான்: தொண்டர் சொல்லிக்கொடுக்கும் படம் ஒன்று இருந்தால், களப்பணியாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாயோடு பேசும் படமும் பெயரோடு இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் கூடுங்கள். களப்பணியாளர்கள் முதலில் பேசட்டும். தொண்டர்கள் முதலில் பேசினால் சரளமாகப் பேசி நேரத்தை நிரப்பிவிடுவார்கள். களத்திலிருந்து வர வேண்டிய செய்தி வராமலே போகும். வாட்ஸ்அப் குழுவில் வேலை சொல்வது ஒருவர் மட்டும். யாரைப் பற்றிய குறையும் அங்கே எழுதக் கூடாது.

தொண்டராக வந்தவர் ஒரு கட்டத்தில் வேலை கேட்பார். தவறில்லை. இடம் காலியானால் அதை எல்லோருக்கும் அறிவித்து, அவரும் மற்றவர்களைப் போல விண்ணப்பிக்கட்டும். "கொஞ்ச நாள் சும்மா வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். வேலை இல்லாத ஓர் இளைஞர் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஓராண்டைக் கழித்துவிடுவார்.

ஆறாம் படி: பாதுகாப்பும் புகாரும்

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ஊழியர் என்ற சொல், ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் உள்ளடக்குகிறது. தொண்டராக வரும் கல்லூரி மாணவிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம்: மூத்த பெண் ஊழியர் தலைவர், ஊழியர்களிலிருந்து இரண்டு பேராவது, வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். சம்பளத்தில் ஏழு பேர்தானே என்று விட்டுவிடாமல் அமைத்துவிடுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சிறிய நிறுவனத்தில் புகார் செயலாளர் மீதே வந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்த விவரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. "நாமே விசாரித்துவிட்டுப் பிறகு சொல்லலாம்" என்று நிர்வாகக் குழு சொன்னால் நீங்கள் கேட்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு தொண்டரின் தொலைபேசியிலும் முதல் நாளே பதிவாக வேண்டும். எந்தப் பெரியவரும், ஊழியரோ தொண்டரோ நீங்களோ, மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது.

வெள்ளம், புயல் நாட்களில்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் 2018 நவம்பரில் கஜா புயலின்போதும் உதவிக்கு வந்தவர்களின் கூட்டம் நமக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வாசலில் ஒரு மேசை போட்டு, பெயர், தொலைபேசி எண், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுதாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். பத்துத் தொண்டருக்கு ஊரை அறிந்த ஓர் ஊழியர் வேண்டும். அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும்: ஊழியர்களின் வீடுகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். ஓடு பறந்த வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு நிவாரணப் பொருள் பிரிக்க வந்து நிற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவர் வீட்டுக்குத்தான் முதல் தார்ப்பாய் போக வேண்டும்.

கடைசிப் படி: பிரியும்போது

திட்டம் முடிகிறது என்றால் கடைசித் தவணை வந்த அன்றைக்கே ஊழியர்களிடம் சொல்லுங்கள். குறைந்தது மூன்று மாதம் முன்னதாக. வேறு இடங்களில் விசாரிக்க நீங்களே தொலைபேசியை எடுங்கள். கடைசி நாளில் பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, அனுபவச் சான்றிதழ் மூன்றும் அவர் கையில் இருக்க வேண்டும். பத்து முறை அலைய விடாதீர்கள். அவரிடமிருந்து வாங்க வேண்டியதும் உண்டு. சாவி, பதிவேடுகள் இவற்றோடு, எந்த வீட்டில் யாரிடம் பேசினால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்று அவர் மனத்தில் இருக்கும் விவரம். ஒரு வாரம் புதியவரை அவரோடு வீடு வீடாக நடக்க விடுங்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் அரைப் பக்கம்தான் வரும்.

தொண்டரைப் போகச் சொல்ல வேண்டிய நாளும் வரும். குழந்தைப் பாதுகாப்பு விதியை மீறினால் அன்றே. மற்றத் தவறுகளுக்கு ஒருமுறை தனியாகப் பேசுங்கள், வேலையை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் நேரில் நன்றி சொல்லி அனுப்புங்கள். குழுவிலிருந்து சத்தமில்லாமல் பெயரை நீக்குவது மரியாதைக் குறைவு.

தாமாக விலகுபவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி நாளை முன்கூட்டியே சொல்லி, அன்றைக்கு வந்து பிள்ளைகளிடம் அவரே விடைபெற வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்ட ஒரு அண்ணனுக்காக, தான் முடித்த கணக்கு நோட்டை ஐந்து வாரம் தினமும் பையில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். சேரும்போது எழுதும் உடன்பாட்டிலேயே இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.